சேர்வராயனிடம் ஒரு ரிவ்யூ

தலைச்சோலை,
கார்த்திகைக் கடைசி.

மதிப்பிற்குரிய சம்பந்தி, கரடியூர் நல்லமுத்து அவர்களின் சமூகத்துக்கு, தலைச்சோலை செல்லப்பன், எஸ்டேட் ரைட்டர் (ஓய்வு), வணக்கத்துடனும் கொஞ்சம் படபடப்புடனும் எழுதிக்கொள்வது.

இங்கு நானும் என் மனைவி கண்ணாயியும் மகள் சிவரஞ்சனியும், என் வலது முழங்கால் ஒன்று நீங்கலாக, சுகமாக இருக்கிறோம். அங்கு சென்னையில் நீங்களும் சம்பந்தியம்மாவும், முக்கியமாக உங்கள் மகன் ஜெயபிரகாஷும், அவருடைய கை, கால், காலில் கட்டிக்கொள்கிற மெத்தை, தலையில் மாட்டிக்கொள்கிற கூண்டு உட்பட சகலமும் சுகமாக இருக்க நம் மலைச்சாமி சேர்வராயன் துணை நிற்பாராக. போன வருடம் நான் எழுதிய கடிதத்தை 'திரு. நல்லமுத்து' என்று மொட்டையாக ஆரம்பித்திருந்தேன். இந்தக் கடிதத்தில் திடீரென்று சம்பந்தி என்கிறானே, இந்த ஆளுக்குப் பனியில் ஏதாவது ஆகிவிட்டதா என்று திகைக்க வேண்டாம். ஆகிவிட்டதுதான், அதைத்தான் சொல்ல வருகிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்றும் கேட்க வேண்டாம். வேண்டாம் என்று எழுத்தில் சொன்னவன் வேண்டும் என்பதையும் எழுத்தில்தான் சொல்ல வேண்டும். எஸ்டேட் கணக்கு எழுதுகிற ரைட்டர் வேலை பார்த்தவனுக்கு எதுவும் எழுத்தில் இருந்தால்தான் தூக்கம் வரும்.

போன வருடம் திருவிழா முடிந்த கையோடு நீங்கள் வெற்றிலை பாக்குடன் பெண் கேட்டு வந்தீர்கள். நம் வழக்கப்படி சேர்வராயன் குகைக்குப் போய்ப் பூக் கேட்டோம். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம், இரண்டையும் இலையில் மடித்துச் சாமி முன்னால் வைத்து, விவரம் தெரியாத குழந்தை ஒன்றை விட்டு எடுக்கச் சொன்னால், வெள்ளை வந்தால் சரி, சிவப்பு வந்தால் வேண்டாம். சிவப்பு வந்தது. உண்மையைச் சொல்வதென்றால் எனக்கு அதில் பெரிய வருத்தம் இல்லை. பையன் இந்திய ஹாக்கி அணியில் இருக்கிறான் என்றீர்கள், சந்தோஷம். அங்கே என்ன செய்கிறான் என்று கேட்டால் இரண்டாவது கோலி, கோல் காக்கிற ஆள் என்றீர்கள். அதாவது முதல் கோலி ஆசிர் நின்று ஆடுவார், இவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். நாடு நாடாக விமானத்தில் போய் உட்கார்ந்துவிட்டு வருகிறவருக்கு எப்படிப் பெண் கொடுப்பது? உட்கார்ந்திருக்கிறவனுக்கு நம் மலையில் காப்பிப் பழம் பறிக்கிற வேலைகூடக் கிடைக்காது. இதைத்தான் அந்தக் கடிதத்தில் கொஞ்சம் காரமாக, 'பெஞ்சு தேய்க்கிற வேலை' என்று எழுதிவிட்டேன். அன்றையிலிருந்து சிவரஞ்சனி என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். சோறு போடுவாள், மாத்திரை எடுத்துக் கொடுப்பாள், பேச்சு மட்டும் கிடையாது. சொல்ல வேண்டியது எதுவானாலும் அவள் அம்மா வழியாகத்தான் வரும். இருப்பது ஒரே மகள், அவள் குரல் கேட்காத ஊடு எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் எழுதிக் காட்ட வேண்டியதில்லை. இதற்கிடையில், மார்கழி பிறந்துவிட்டால் கல்யாணப் பேச்சு எடுக்க முடியாது என்று சேலத்தில் ஒரு இடம் பார்த்து, இந்த ஞாயிற்றுக்கிழமை அவர்கள் பெண் பார்க்க வருவதாக ஏற்பாடு செய்தேன். அதைக் கேட்டதிலிருந்து அவள் என் முன்னால் தட்டு வைக்கிற சத்தம் அடுத்த தெரு வரை கேட்டது.

இந்த லட்சணத்தில்தான் சென்னையில் எட்டு நாட்டு ஹாக்கிப் போட்டி வந்து சேர்ந்தது. ஏற்காடு பஸ் ஸ்டாண்டிலிருந்து ஏரிக்கரை வரைக்கும் இதே பேச்சு. பையன் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தவன், வீட்டு டிவி முன்னால் உட்கார்ந்து அவன் அணியைப் பார்ப்பது மரியாதையாகப் படவில்லை. அதனால் ஆட்ட நேரமெல்லாம் ஏதாவது வாங்குகிற சாக்கில், பெரிய டிவி வைத்திருக்கிற அப்துல் மஜீத் பாய் கடையில் போய் நின்றேன். கம்பளி, குடை, டார்ச் லைட் விற்கிற மஜீத் பாயை உங்களுக்குத் தெரியும். முதல் ஆட்டத்துக்கு ஒரு மங்கி குல்லா வாங்கினேன். இரண்டாவது ஆட்டத்துக்கு வேறு எதுவும் தோன்றாமல் இன்னொரு மங்கி குல்லா. அரையிறுதி முடிவதற்குள் எங்கள் வீட்டில் இருக்கிற தலைகளைவிடக் குல்லாக்கள் அதிகமாகிவிட்டன. ஒவ்வொரு ஆட்டத்திலும் காமிரா ஒரு தடவை பெஞ்சுப் பக்கம் போகும். காலில் மெத்தை கட்டிக்கொண்டு ஜெயபிரகாஷ் உட்கார்ந்திருப்பார். "ரைட்டரய்யா, நம்ம பையன், பாருங்க" என்பார் மஜீத் பாய். நான் குல்லாவின் தையலைப் பார்ப்பேன்.

இறுதி ஆட்டம் நமக்கும் நெதர்லாந்துக்கும் என்று ஆனதும், தலைச்சோலை முழுவதும் ஒரே இடத்தில் பார்ப்பது என்று முடிவாகி, காப்பி காய வைக்கிற சிமெண்டுக் களத்தில் மஜீத் பாய் தன் கடையிலிருந்த பெரிய டிவியைக் கொண்டுவந்து வைத்தார். நான் போகாமல் இருந்தால் அது வேறு மாதிரிப் பேசப்படும், ஆகவே போனேன். ஆனால் பெண் கொடுக்க மாட்டேன் என்றவன் முன்வரிசையில் உட்கார முடியுமா? பெரியவர்களோடு கடைசி வரிசையில், இதெல்லாம் எனக்கு ஒரு பொருட்டில்லை என்கிற தோரணையில் நாற்காலி போட்டுக்கொண்டேன். முன்வரிசையில் சிவரஞ்சனி, கண்ணாயி, மற்றப் பெண்கள், இளவட்டங்கள், டிவிக்குப் பக்கத்தில் மஜீத் பாய். ஆட்டம் ஆரம்பித்ததோ இல்லையோ, அடித்த காற்றில் ஒரு சில்வர் ஓக் கிளை முறிந்து கம்பி மேல் விழுந்து கரண்ட் போனது. மஜீத் பாய் ஜீப்பை எடுத்துக்கொண்டு பறந்துபோய்க் கடை ஜெனரேட்டரைக் கொண்டுவந்தார், அது போட்ட இரைச்சலில் டிவியில் பேசுகிறவர் சொல்வது ஒரு வார்த்தை கேட்கவில்லை, சரி படம் இருந்தால் போதும் என்று இருந்தோம், படம் கட்டம் கட்டமாக உடைந்தது, டிஷ் காற்றில் திரும்பிக்கொண்டதாம், நம் கோயில் பூசாரி சின்னையன் அந்த வயதில் கூரை மேல் ஏறி டிஷ்ஷைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார், படம் வந்தது, வந்த கையோடு பனி இறங்கியது. நம் மலைப் பனியைப் பற்றி உங்களுக்குத் தெரியாததா. முன்வரிசைக்கு டிவி தெரிந்தது. நடுவரிசைக்கு டிவியின் வெளிச்சம் தெரிந்தது. எங்களுக்கு நடுவரிசையே தெரியவில்லை. பக்கத்தில் யாரோ வந்து புஸ் புஸ் என்று மூச்சு விட்டார், தாமதமாக வந்த ஆள் என்று நினைத்து, "நின்னுக்கிட்டே இருக்கறீங்களே, உக்காருங்க" என்று உபசாரமாகத் தோளைத் தொட்டேன். தோள் ஈரமாகவும் முடியாகவும் இருந்தது. காட்டெருமை. அது பாட்டுக்கு ஆட்டம் முடிகிற வரை எங்கள் வரிசையிலேயே நின்றது. எழுந்து ஓடினால் இடம் போய்விடும் என்பதால் யாரும் ஓடவில்லை.

அந்த நேரத்தில்தான், சம்பந்தி, முன்வரிசையில் சிவரஞ்சனி எழுந்து எங்கள் பக்கம் திரும்பி, கையைக் குவித்து வைத்துக்கொண்டு கத்தினாள். "அப்பா, பந்து நம்மாளுக கிட்ட இருக்குதுங்க."

அவள் என்னை அப்பா என்று கூப்பிட்டு ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று. கையிலிருந்த குல்லாவால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். பனி ஒத்துக்கொள்ளவில்லை என்று காட்டெருமையிடம் சொல்லிச் சமாளித்தேன். அதற்குப் பிறகு ஆட்டம் முழுவதையும் அவள் வாய் வழியாகத்தான் பார்த்தேன். பந்து அவர்களிடம் போனது, நம்மிடம் வந்தது, அவர்கள் ஒன்று போட்டார்கள், நாம் ஒன்று போட்டோம், ஆரஞ்சுச் சட்டை போட்ட நெதர்லாந்துக்காரர்கள் ஒவ்வொருவரும் மிளகுக் கொடி ஏற்றலாம் போல உயரம், எல்லாம் அவள்தான் சொன்னாள். மறுபடி ஆளுக்கொன்று போட்டு இரண்டுக்கு இரண்டு என்று நின்றபோது, "கோலிக்கு அடிபட்டுருச்சுங்க, கோலிய மாத்தறாங்க" என்றாள். நான் நாற்காலியை விட்டு எழுந்தேன். பெஞ்சு தேய்க்கிற வேலை என்று எழுதினேனே, அந்தப் பெஞ்சிலிருந்து அவர் எழுந்துவிட்டார். பக்கத்து நாற்காலிக்காரர், சட்டை முதுகில் பேர் எழுதியிருக்குமே, உங்கள் பெண்ணைப் படித்துச் சொல்லச் சொல்லுங்கள் என்றார். கோலியாக நிற்கிறவன் முதுகைக் காட்டுவானா என்று நான் அவரை அடக்கிவிட்டேன்.

அப்புறம் நடந்ததை நீங்கள் மைதானத்திலேயே இருந்து பார்த்தீர்கள். ஆனாலும் நான் சொல்லியே ஆக வேண்டும். கோலி தடுத்துவிட்டார் என்றாள். மறுபடியும் கோலி தடுத்துவிட்டார் என்றாள். பாய்ந்து விழுந்து காலால் உதைத்து வெளியே தள்ளினார் என்றாள். ஒவ்வொன்றுக்கும் நான், "எங்க மாப்பிள்ளைங்க, கரடியூருங்க" என்று வரிசை முழுக்க அறிவித்தேன். ஆமாம், மாப்பிள்ளை என்றுதான் சொன்னேன், வாய் தானாகச் சொல்லிவிட்டது. நம்மவர்கள் மூன்றாவது கோல் போட்டபோது கையிலிருந்த குல்லாவை வீசியெறிந்தேன், அது காட்டெருமையின் கொம்பில் மாட்டிக்கொண்டு அதனோடேயே காட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. கடைசியில் நேரமும் முடிந்து சங்கு ஊதிவிட்டது, ஜெயித்துவிட்டோம் என்று கட்டிப்பிடித்துக்கொண்டால், அவர்களுக்கு ஒரு பெனால்டி கார்னர் பாக்கியாம், கோலைப் பார்த்து அடிக்கிற சலுகை அடியாம், அது முடிந்த பிறகுதான் ஆட்டம் முடியுமாம். இது எந்த ஊர் நியாயம் என்று எனக்குப் புரியவில்லை. அடித்தார்கள், கோலி தடுத்தார், தடுத்த பந்து திரும்பி எங்கெங்கோ பட்டு உள்ளே போய்விட்டது, அம்பயர் கோல் என்று ஊதிவிட்டார். "கோல் குடுத்துட்டாங்கப்பா" என்று அவள் சொன்னதும் களத்தில் சாவு விழுந்த மாதிரி ஆகிவிட்டது. ஒரு மூச்சுதான் இருக்கும். "அப்பா, கையில கட்டம் போட்டுக் காமிச்சுட்டாருங்க" என்றாள். அதைச் சொல்லும்போது மட்டும் அவள் குரல் உடைந்தது.

கட்டம் என்றால் என்ன என்று மஜீத் பாய் பனிக்குள் நடந்துவந்து எங்கள் வரிசைக்கு விளக்கினார். அம்பயர் சொன்னது தப்பு என்று நினைத்தால் கையால் டிவி மாதிரிக் கட்டம் போட்டுக் காட்டி ரிவ்யூ கேட்கலாமாம். மேலே ஒருவர் வீடியோவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துத் தீர்ப்பு சொல்வாராம். கேட்டது சரியாக இருந்தால் அம்பயர் தன் தீர்ப்பைத் தானே மாற்றிக்கொள்வார், தப்பாக இருந்தால் மறுபடி கேட்கிற உரிமையே போய்விடும். எனக்கு ஹாக்கியில் வேறு எதுவும் புரிந்ததில்லை, இது மட்டும் பட்டென்று புரிந்தது. இது பூக் கேட்பதுதானே. மேலே இருக்கிறவரைக் கேட்டுவிட்டுக் கீழே இருக்கிறவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறோம். கடைசியில் பந்து முதலில் ஆரஞ்சுக்காரன் ஒருவன் காலில் பட்டது தெரிந்து, கோலி தவிர யார் காலிலும் பந்து படக்கூடாதாம், கோல் இல்லை என்று மேலே சொன்னார்கள். அம்பயர் எல்லோர் முன்னாலும் கையை ஆட்டித் தன் தீர்ப்பை மாற்றினார். நாம் ஜெயித்தோம். ஊர் குதித்தது, நானும் என் முழங்காலும் குதித்தோம். ஆனால் குதிக்கும்போதே என் மனசில் ஓடியது வேறு. அத்தனை ஆயிரம் பேர் முன்னால் அம்பயர் கூச்சப்படாமல் தீர்ப்பை மாற்றிக்கொள்ளும்போது, சேர்வராயன் மாற்றிக்கொள்ள மாட்டாரா?

மறுநாள் விடிந்ததும் முதல் வேலையாகச் சின்னையனைப் பிடித்தேன். அன்றைக்குப் பார்த்து எங்கள் வீட்டுக்குப் பேப்பர் வரவில்லை. மஜீத் பாய் கடையிலும் தீர்ந்துவிட்டதாம், மாப்பிள்ளை படம் வந்திருந்தால் தீராமல் என்ன செய்யும் என்று நானே பெருமைப்பட்டுக்கொண்டேன். சின்னையன் ஒப்புக்கொள்ளவில்லை. ஒரு காரியத்துக்கு ஒரு தடவைதான் பூ, சாமியைச் சந்தேகப்பட்டு மறுபடி கேட்பது இந்த மலையிலேயே கிடையாது என்றார். நான் சாமியைச் சந்தேகப்படவில்லை, அன்றைக்குப் பையன் ஆடாமல் உட்கார்ந்திருந்தான், இன்றைக்கு எழுந்து ஆடிவிட்டான், விவரம் மாறியிருக்கிறது, ரிவ்யூ கேட்க இடம் இருக்கிறது என்று எடுத்துச் சொன்னேன். முந்தின நாள் கூரை மேலே டிஷ்ஷைப் பிடித்துக்கொண்டு நின்றதில் ஆட்டத்தில் தனக்கும் ஒரு பங்கு இருப்பதாக அவருக்கு நினைப்பு. தாடியைத் தடவிக்கொண்டே சொன்னார்.

"கேக்கலாமுங்க ரைட்டரே. ஆனா ஒண்ணு. இதுவும் செவப்பு வந்துருச்சுன்னா உங்க ஆயுசுக்கும் இந்தப் பேச்சை எடுக்கப்படாது. வெள்ளை வந்தாலும் அதுதான் முடிவு, அப்பறம் நீங்களே வந்து வேண்டாம்னாலும் நான் உடமாட்டனுங்க."

சரி என்று சாமி முன்னால் சத்தியம் செய்தேன். குகைக்குள் குனிந்து போனேன். சிவரஞ்சனி என் பின்னால் வந்தாள், வழுக்குகிற இடத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டாள். சிவப்பு வந்தால் இந்தக் கை திரும்பக் கிடைக்காது என்று எனக்குத் தெரியும். சாமி கும்பிட வந்திருந்த யாருடைய பெண் குழந்தையோ ஒன்று, மூக்கை ஒழுக்கிக்கொண்டு, ஒரு பொட்டலத்தைத் தொட்டது, விட்டது, இன்னொன்றைத் தொட்டது, மறுபடி முதலாவதற்கே வந்தது. சின்னையன் பிரித்தார். வெள்ளை. மல்லிகை, சம்பந்தி, சேலத்து மல்லிகை. கண்ணாயி அழுதாள். நான் அழவில்லை என்று எழுத ஆசைதான்.

சேலத்துக்காரர்களுக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். தை இருபதாம் தேதி நாள் நன்றாக இருப்பதாகச் சின்னையன் குறித்துக் கொடுத்திருக்கிறார். உங்களுக்குச் சம்மதமானால் மார்கழி பிறப்பதற்குள் வந்து தட்டு மாற்றிக்கொள்ளலாம். உங்கள் ஊட்டில் பெரியவர்களுக்கு என் கும்பிடும், சின்னவர்களுக்கு என் வாழ்த்தும், மாப்பிள்ளைக்கு ஒரு மங்கி குல்லாவும் காத்திருக்கின்றன. அவர் அடி எடுத்து வைக்கிற களமெல்லாம் வெற்றியாகட்டும், நிற்கிற கோலெல்லாம் பூட்டிய கதவாகட்டும்.

இப்படிக்கு,
உங்கள் சம்பந்தி,
செல்லப்பன்.

பின்குறிப்பு: கடிதத்தை மடிப்பதற்கு முன்னால் வீட்டில் வாசித்துக் காட்டினேன். 'கோலி பாய்ந்து விழுந்து காலால் உதைத்து' என்கிற இடத்தில் கண்ணாயி எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். சிவரஞ்சனி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். விஷயம் என்னவென்றால், அடிபட்டது நெதர்லாந்து கோலிக்காம். மாற்றியதும் அவர்கள் கோலியைத்தானாம். நம் பக்கத்தில் கடைசி வரை நின்று தடுத்தது எல்லாம் ஆசிர். மாப்பிள்ளை வழக்கம்போல் பெஞ்சில்தான் இருந்திருக்கிறார். இது முன்வரிசை முழுவதற்கும் தெரியுமாம், மஜீத் பாய்க்குத் தெரியுமாம், அன்றைய பேப்பர் எங்கள் வீட்டு அரிசிப் பானைக்குள் இருக்கிறது. ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கத்தினேன்.

"நான் கோலின்னுதானுங்கப்பா சொன்னேன். பேரு நீங்க கேக்கவே இல்லீங்களே."

நேராகச் சின்னையனிடம் போனேன். இருந்தது ஒரு ரிவ்யூ, அது முடிந்துபோயிற்று, வந்த வழியே போங்கள் என்று கதவைச் சாத்திவிட்டார். நொண்டிக்கொண்டு திரும்பி வந்தால், சிவரஞ்சனி வாசலில் வெந்நீரோடு நிற்கிறாள், மீதியையும் சொன்னாள். அந்தக் கடைசிப் பந்து ஆரஞ்சுக்காரன் காலில் பட்டதை உள்ளே ஆடிய ஒருவரும் பார்க்கவில்லையாம். பெஞ்சிலிருந்த மாப்பிள்ளைதான் பார்த்துவிட்டு, எழுந்து நின்று இரண்டு கையாலும் கட்டம் போட்டு ஆசிருக்குக் காட்டினாராம். அதைப் பார்த்துத்தான் ஆசிர் ரிவ்யூ கேட்டாராம். கட்டம் போட்டுக் காமிச்சுட்டாருங்க என்று இவள் குரல் உடைந்து கத்தியது அவரைப் பார்த்துத்தான். நான் வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். உட்கார்ந்திருப்பதும் ஒரு வேலைதான் போலிருக்கிறது.

ஆகவே, சம்பந்தி, மேலே மாப்பிள்ளை தடுத்தது, பாய்ந்தது, உதைத்தது என்று நான் எழுதியதையெல்லாம் நீங்களே ஒரு கோடு போட்டு அடித்துவிட்டுப் படியுங்கள். போன வருடக் கடிதத்தையும் வைத்திருந்தால் அந்தப் பெஞ்சு வரியையும் சேர்த்து அடியுங்கள். தை இருபதை மட்டும் அடித்துவிட வேண்டாம்.